பொதுச்சொல்லும் தனி நோக்கமும்: அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் – ஒரு மறுவாசிப்பு

உஸூலுல் ஃபிக்ஹ் பாடத்தில் மாணவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. குறிப்பிட்ட ஒரு நிகழ்வை முன்னிட்டு ஒரு வாசகம் கூறப்படுகிறது. ஆயின் அதன் சொல் பொதுச்சொல்லாக அமைந்துள்ளது. அவ்வாசகத்தின் தீர்ப்பு அந்நிகழ்வோடு நின்றுவிடுமா, அன்றி அச்சொல் தழுவும் அனைவரையும் சென்றடையுமா? சொல்லின் பொதுமையையே கொள்ள வேண்டும், அது பிறந்த காரணத்தின் தனிமையைக் கொள்ளலாகாது என்பது அறிஞர்களுள் பெரும்பான்மையினரின் முடிவு. இதனோடு இன்னொரு பாகுபாட்டையும் அவர்கள் கூறுவர். சொல் 'ஆம்மு' ஆக, அதாவது பொதுவாக இருக்கும். பேசியவரின் கருத்தோ 'காஸ்ஸு' ஆக, அதாவது தனியாக இருக்கும். அத்தகைய இடத்தில் கருத்துத் தனியானது என்பதற்குத் தெளிவான சான்று காட்டப்படல் வேண்டும். சான்று இல்லையெனில் சொல் தன் பொதுமையிலேயே நிற்கும்.

இது நம் கல்லூரிச் சுவர்களுக்குள் மட்டும் எழும் வினாவன்று. 1857ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் பல இலட்சம் மனிதர்களின் தலைவிதியை இதே வினாவை வைத்துத்தான் தீர்மானித்தது. அங்கே விவாதத்திற்குள்ளான வாசகம் 1776 ஜூலை 4 அன்று ஃபிலடெல்ஃபியா நகரில் ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனம். பிரிட்டனின் ஆட்சியிலிருந்து பதின்மூன்று குடியேற்றங்கள் தம்மைப் பிரித்துக்கொண்ட சாசனம் அது.

இப்பிரகடனத்தை நம்மவர் இரு வகையாக அணுகக் காண்கிறோம். மானுட உரிமையின் முதல் முழக்கம் எனப் போற்றுவோர் ஒரு சாரார். அடிமைகளை வைத்திருந்தவர்கள் எழுதிய போலித்தனம் என ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இரு சாராருமே அதன் இரண்டாம் பத்தியிலுள்ள புகழ்பெற்ற ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றனர். முழுவதும் படிப்போர் மிகச் சிலரே. அம்முழு வாசகத்தையும், அது பிறந்த சூழலையும், அது பிறர் கைகளுக்குச் சென்ற விதத்தையும் ஒருசேர வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனுவிலிருந்து பிரகடனத்திற்கு

1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது வட அமெரிக்காவில் ஃபிரான்சின் ஆட்சி ஒழிந்தது. பிரிட்டன் வென்றது, ஆயின் அதன் கடன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அக்கடனிலும் படைச் செலவிலும் ஒரு பகுதியைக் குடியேற்றங்களே ஏற்க வேண்டுமென லண்டன் கருதியது. 1764இல் சர்க்கரைச் சட்டமும், 1765இல் முத்திரைத்தாள் சட்டமும் வந்தன. பத்திரங்கள், செய்தித்தாள்கள், ஏன், சீட்டுக்கட்டுகள்கூட வரிக்குள்ளாயின. அதற்கு முன்னரே, 1763 அக்டோபரில், அப்பலேச்சிய மலைத்தொடருக்கு மேற்கே குடியேறலாகாது என்ற அரசாணையும் வெளிவந்திருந்தது. வரி, நிலம் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்தே பிணக்கின் வித்துகளாயின. இவற்றுள் முன்னதைப் பாடநூல்கள் உரக்கப் பேசும்; பின்னதைப் பற்றி மெல்லவே பேசும்.

தொடக்கத்தில் அக்குடியேறிகள் கேட்டது சுதந்திரமன்று. 1765 அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி வரைந்த தீர்மானங்களைப் படித்தால் இது விளங்கும். தாம் ஆங்கிலேயர், தாம் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் இசைவின்றித் தம்மீது வரி விதிக்கப்படலாகாது என்பது ஆங்கிலேயர் என்ற முறையில் தமக்குள்ள உரிமை. இதுவே அவர்களின் வாதம். 1766 மார்ச்சில் முத்திரைத்தாள் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆயின் எப்பொருள் குறித்தும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமியற்றத் தனக்கு முழு அதிகாரம் உண்டென நாடாளுமன்றம் அதே நாளில் இன்னொரு சட்டம் செய்தது. பணத்தை விட்டுக்கொடுத்தவர்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்து வந்த நிகழ்வுகள் பலரும் அறிந்தவை. 1767இல் புதிய சுங்க வரிகள். 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் படையினர் சுட்டதில் ஐவர் இறந்தனர். அவர்களுள் முதலில் வீழ்ந்தவராகக் கூறப்படும் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, செவ்விந்தியக் கலப்பு வழியினர். 1773இல், நெருக்கடியில் சிக்கியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் கைதூக்கிவிடத் தேயிலைச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. வங்காளத்தை ஆண்ட அதே கம்பெனியின் தேயிலை அது. 1774இல் பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடிற்று. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் துப்பாக்கிகள் வெடித்தன.

இதற்குப் பின்னரும்கூட, 1775 ஜூலையில், மாநாட்டினர் அரசர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சமாதான மனு ஒன்றை அனுப்பினர். அரசர் அதை ஏற்க மறுத்துக் குடியேற்றங்கள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். மனு கொடுக்கும் பாதை அத்துடன் அடைபட்டது. 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் வெளியிட்ட 'இயல்பறிவு' என்னும் சிறுநூல், அரசருக்கு மனுப்போடும் மனநிலையையே தாக்கியது. பரம்பரை முடியாட்சியே பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என அது எளிய மக்களின் மொழியில் வாதிட்டது.

இங்கேதான் நமது ஆய்வுக்கு இன்றியமையாத திருப்பம் நிகழ்கிறது. ஆங்கிலேயர் என்ற முறையில் உரிமை கேட்பவன், ஆங்கிலேய அரசரை முற்றாகத் துறந்த பின்னர் எந்த உரிமையைக் கூறுவான்? ஆங்கிலேய உரிமை என்பது ஆங்கிலேய அரசமைப்பின் உடைமை. அதைவிட்டு வெளியேறுபவன் அதற்கு அப்பாலுள்ள ஓர் அடித்தளத்தைக் காட்டியாக வேண்டும். எனவே குடியேறிகள் 'ஆங்கிலேயர்' என்ற தனிச்சொல்லை விடுத்து, 'மனிதர்' என்ற பொதுச்சொல்லைக் கையிலெடுத்தனர். அவர்களின் வழக்கு நிற்பதற்கு அப்பொதுச்சொல் தேவைப்பட்டது. தேவைக்காக எடுத்த சொல் எடுத்தவர்களின் தேவையோடு நிற்கவில்லை என்பதே பின்னைய வரலாறு.

வாதத்தின் கட்டுமானம்

1776 ஜூன் 11 அன்று ஐவர் குழு அமைக்கப்பட்டது. ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஆகியோர் இடம்பெற்ற அக்குழுவில் முதல் வரைவை எழுதும் பணி முப்பத்து மூன்று வயதான தாமஸ் ஜெஃபர்சனிடம் வந்தது. சுதந்திரத்திற்கான வாக்கெடுப்பு ஜூலை 2இலும், வாசகத்தின் ஏற்பு ஜூலை 4இலும் நடைபெற்றன. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2 அன்றுதான்.

மன்திக் கலை பயின்ற கண்ணுக்கு இவ்வாசகத்தின் அமைப்பு உடனே புலப்படும். முதலில் பெருங்கூற்று: மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டோர், பறிக்கவொண்ணா உரிமைகள் உடையோர், அவ்வுரிமைகளைக் காக்கவே ஆட்சி, காக்கத் தவறிய ஆட்சியை மக்கள் மாற்றலாம். அடுத்துச் சிறுகூற்று: இவ்வரசர் அவ்வாறு தவறினார். இதற்குச் சான்றாக இருபத்தேழு குற்றச்சாட்டுகள். இறுதியில் முடிபு: ஆதலின் நாம் அவரிடமிருந்து விடுபட்டோம். முடிபு எவ்வளவு உறுதியானதோ அவ்வளவுக்குப் பெருங்கூற்றும் பொதுவாக இருக்க வேண்டும். பெருங்கூற்றில் 'சிலர்' என்று வந்தால் அந்த அனுமானம் பயன் தராது. 'நாமும் அச்சிலருள் அடங்குவோம்' என்பதைத் தனியே நிறுவ வேண்டிவரும். எனவே 'யாவரும்' என்ற சொல் அவ்வாதத்தின் தூணாகும். அதை வெறும் அலங்காரமெனக் கொள்வதற்கில்லை.

இருபத்தேழு குற்றச்சாட்டுகள்

புகழ்பெற்ற வாக்கியத்தைக் கடந்து குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். அவற்றுள் பெரும்பாலானவை அரசரைச் சுட்டும் 'அவர்' என்ற சொல்லோடு தொடங்குகின்றன. அரபு பலாகத் கலையில் 'தக்ரார்' எனப்படும் மீள்கூறல் இங்கே சுத்தியலின் அடிபோல் இயங்குகிறது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள்கூட அரசரின் குற்றங்களாகவே எண்ணப்படுகின்றன. நாடாளுமன்றத்தின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. 'பிறர்' என்ற மறைமொழியால் அது சுட்டப்படுகிறது. இதற்குக் காரணம் உண்டு. நாடாளுமன்றத்திற்குத் தாம் ஒருபோதும் கட்டுப்பட்டவரல்லர், தம் பிணைப்பு அரசரோடு மட்டுமே என்பது அவர்களின் பிந்தைய நிலைப்பாடு. கட்டியிருந்த கயிறு ஒன்றே ஆதலின், அறுக்க வேண்டியதும் ஒன்றே.

இசைவின்றி வரி விதித்தது என்ற குற்றச்சாட்டு பதினேழாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னே நிற்பவை பெரிதும் சட்டமன்றங்களைக் கலைத்தது, நீதிபதிகளைத் தம் ஊதியப் பிடியில் வைத்தது, அமைதிக் காலத்தில் படையை நிறுத்தியது போன்றவை. வரிப் போராட்டமாகத் தொடங்கிய ஒன்று, யார் சட்டம் செய்வது என்ற போராட்டமாக முதிர்ந்துவிட்டதை இவ்வரிசை காட்டுகிறது. இவை நேர்மையான, வலுவான குற்றச்சாட்டுகள் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆயின் எல்லாம் அத்தகையனவல்ல. ஏழாவது குற்றச்சாட்டு, புதிய நிலங்களை ஒதுக்கும் நிபந்தனைகளைக் கடுமையாக்கியதற்காக அரசரைப் பழிக்கிறது. அந்நிலங்களில் வாழ்ந்தவர் யாவர் என்ற வினா அங்கே எழவில்லை. இருபதாவது, கியூபெக் சட்டத்தைச் சாடுகிறது. 1774ஆம் ஆண்டின் அச்சட்டம் ஃபிரெஞ்சு மொழி பேசிய கத்தோலிக்கருக்கு அவர்தம் சமயத்தையும் உரிமையியல் சட்டத்தையும் அனுமதித்தது. அம்மாநிலத்தின் எல்லையை விரித்து, தெரிந்தெடுக்கப்பட்ட மன்றம் ஏதுமில்லாத ஆட்சியையும் அங்கு அமைத்தது. குடியேறிகளின் அச்சத்திற்கு இப்பின்னவை காரணமாயின. எனினும் சமயச் சகிப்பின்மையும் அதில் கலந்திருந்தது என்பதற்கு, அவ்வாண்டு அக்டோபரில் பிரிட்டானிய மக்களுக்கு மாநாட்டினர் எழுதிய கடிதமே சான்று.

இருபத்தேழாவதும் கடைசியுமான குற்றச்சாட்டே மிகவும் கருதத்தக்கது. அது இரு பகுதிகளால் ஆனது. அரசர் உள்நாட்டுக் கிளர்ச்சியைத் தூண்டினார் என்பது முதற்பகுதி. வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர், கலகக்காரரின் அடிமைகள் அரசர் தரப்பில் ஆயுதமேந்தினால் விடுதலை பெறுவர் என 1775 நவம்பரில் அறிவித்ததையே இது குறிக்கிறது. அடிமை விடுதலை பெறுவது இங்கே அரசரின் குற்றமாகிவிடுகிறது! இரண்டாம் பகுதி, எல்லையோரத்துச் செவ்விந்திய மக்களை இரக்கமற்ற காட்டுமிராண்டிகளாகச் சித்திரிக்கிறது. மேலே 'யாவரும்' எனத் தொடங்கிய வாசகம், கீழே வந்து இரு பெரும் மனிதக் கூட்டங்களை எதிரியின் கருவிகளாக மட்டும் காண்கிறது.

நீக்கப்பட்ட பத்தி

ஜெஃபர்சனின் வரைவில் இன்னொரு நீண்ட பத்தியும் இருந்தது. தமக்கு எத்தீங்கும் செய்யாத தொலைதூர மக்களைப் பிடித்து அடிமைகளாக்கும் வணிகத்தை அரசர் ஆதரித்தார் என்றும், அது மனித இயல்புக்கே எதிரான போர் என்றும் அது சாடியது. இதற்கு ஓர் அடிப்படை உண்டு. அடிமை இறக்குமதியைத் தடுக்க வேண்டி 1772இல் வர்ஜீனியாவின் சட்டமன்றம் அரசரிடம் மனுச் செய்தும் பயன் கிட்டவில்லை. ஆயினும் விற்றவரைப் பழித்து, வாங்கியவரைப் பற்றி வாய்திறவாத பத்தி அது. அதை மாநாட்டினர் முற்றாக நீக்கினர். தென் கரோலினா, ஜார்ஜியா ஆகியவற்றை மனங்கொண்டே நீக்கினர் என்றும், அவ்வணிகத்தில் ஈடுபட்ட வடபுலத்தாரும் அதைக் கேட்டுச் சற்றுக் கூசினர் என்றும் ஜெஃபர்சனே தம் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். அப்போது பதின்மூன்று குடியேற்றங்களின் மக்கள்தொகை ஏறத்தாழ 25 இலட்சம். அவர்களுள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அடிமைகள்.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பத்தியை நீக்கியவர்கள் பொதுச்சொல்லை நீக்கவில்லை. அதற்கு வரையறையும் இடவில்லை. வரையறை இட அறியாதவர்களா அவர்கள்? அல்லர். அதே ஆண்டு ஜூன் மாதம் வர்ஜீனியாவின் மாநாட்டில் ஜார்ஜ் மேசன் வரைந்த உரிமைச் சாசனம் விவாதிக்கப்பட்டது. எல்லா மனிதரும் இயல்பிலேயே சுதந்திரமானோர் என்ற வாசகம் அடிமைகளுக்கும் பொருந்திவிடுமே என அங்குச் சிலர் அஞ்சினர். சமூகம் என்னும் அமைப்புக்குள் நுழைந்தவர்க்கே அவ்வுரிமை எனப் பொருள்படும் ஒரு தொடரைச் சேர்த்து அவ்வச்சத்தைத் தணித்தனர். அடிமைகள் அச்சமூகத்தின் உறுப்பினரல்லர் என்பது கருத்து. பொதுச்சொல்லின் ஆற்றல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்குக் கடிவாளமிடும் முறையும் தெரிந்திருந்தது. மூன்றே வாரங்களில் ஃபிலடெல்ஃபியாவில் ஏற்கப்பட்ட வாசகத்தில் அக்கடிவாளம் இல்லை.

எதிரிகளின் விமரிசனம்

பிரகடனத்தின் முதல் விமரிசகர்கள் பிரிட்டானியத் தரப்பினரே. மசாசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் அதே ஆண்டு லண்டனில் ஒரு மறுப்பு நூல் வெளியிட்டார். இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரின் விடுதலையைப் பறித்து வைத்திருக்கும் தென்புலப் பிரதிநிதிகள் பறிக்கவொண்ணா உரிமை பற்றி எவ்வாறு பேசுகின்றனர் என அவர் வினவினார். ஓராண்டுக்கு முன்னரே அகராதியாசிரியர் சாமுவேல் ஜான்சன் இதே முரணைக் கேலியுடன் சுட்டியிருந்தார். ஜான் லிண்ட் எழுதிய அரசுச் சார்பு மறுப்பிலோ இளம் ஜெரமி பெந்தமின் பங்களிப்பு உண்டு. இயற்கை உரிமை என்ற கருத்தே குழப்பமானது என்பது அவர் வாதம்.

இவ்விமரிசனங்கள் உண்மையானவை. ஆயின் அவற்றைக் கூறிய தரப்பின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டுகளில் அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் முதன்மை வகித்தது பிரிட்டன். டன்மோரின் அறிவிப்பும் கலகக்காரரின் அடிமைகளுக்கு மட்டுமே உரியது. அரசருக்கு விசுவாசமானோரின் அடிமைகளுக்கு அதில் இடமில்லை. பிறர் முரணைக் காட்டுவது எளிது. அம்முரணைக் காட்டித் தன் அநீதிக்கு நியாயம் தேடுவது விமரிசனமாகாது.

உலகின் முன்னிலையில்

பிரகடனம் உள்நாட்டாருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. உலகத்தாரின் கருத்துக்கு மதிப்பளித்தே காரணங்களை முன்வைப்பதாக அதன் தொடக்கமே கூறுகிறது. கலகக்காரரோடு எந்நாடும் உடன்பாடு செய்யாது; சுதந்திர நாட்டோடுதான் செய்யும். அவ்வகையில் அது படையுதவிக்கும் வணிகத்துக்குமான விண்ணப்பமுமாகும். 1777 அக்டோபரில் சரடோகாவில் கிடைத்த வெற்றிக்குப் பின், 1778 பிப்ரவரியில் ஃபிரான்ஸ் உடன்படிக்கை செய்துகொண்டது. மொராக்கோவின் சுல்தான் மூன்றாம் முஹம்மது, தம் துறைமுகங்களுக்கு வரலாமென 1777 டிசம்பரில் அறிவித்த நாடுகளின் பட்டியலில் அமெரிக்கரையும் சேர்த்தார். 1786இல் இரு நாடுகளுக்குமிடையே அரபு மொழியில் உடன்படிக்கையும் ஏற்பட்டது.

போரின் அலை நம் கரையையும் தொட்டது. ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ஹைதர் அலியின் புகழ் அமெரிக்கா வரை எட்டியிருந்தது. பென்சில்வேனியாவினர் அவர் பெயரையே சூட்டிய ஒரு போர்க்கப்பல், 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் பிரிட்டானியக் கப்பலொன்றைக் கைப்பற்றிற்று. 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயப் படையோடு ஃபிரெஞ்சு, மைசூர்ப் படைகள் மோதியதும் அதே பெரும்போரின் கடைசி அத்தியாயமே. ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து சேர்ந்த பின்னரே அங்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்த படையின் தளபதி கார்ன்வாலிஸ், 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து, 1792இல் திப்பு சுல்தானின் நாட்டில் பாதியைப் பறித்தார். ஒரு கண்டத்தில் தோற்ற பேரரசு மறு கண்டத்தில் பாடம் கற்றதாகத் தெரியவில்லை.

1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை மிசிசிப்பி ஆறு வரையிலான நிலத்தைப் புதிய நாட்டிற்கு அளித்தது. அந்நிலத்தில் வாழ்ந்த செவ்விந்திய மக்கள் அழைக்கப்படவுமில்லை. உடன்படிக்கையில் அவர்கள் குறிப்பிடப்படவுமில்லை. பின்வாங்கும் பிரிட்டானியப் படை, நீக்ரோக்களையோ ஏனைய உடைமைகளையோ கொண்டு செல்லலாகாது என ஒரு விதியும் அதில் இருந்தது. எனினும் தப்பி வந்த கறுப்பின மக்களுள் ஏறத்தாழ 3,000 பேர் நியூயார்க்கிலிருந்து பிரிட்டானியக் கப்பல்களில் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்றனர். சுதந்திரப் பிரகடனம் தராத விடுதலையை அவர்கள் எதிரியின் கப்பலில் தேடினர்.

சொல்லைப் பற்றிக்கொண்டவர்கள்

இனி, அப்பொதுச்சொல் பிறர் கைகளுக்குச் சென்ற கதையைக் காண்போம். 1777 ஜனவரியில், பிரகடனம் வெளியாகி ஆறே மாதங்களில், பிரின்ஸ் ஹால் உள்ளிட்ட மசாசூசெட்ஸ் கறுப்பினத்தார் சட்டமன்றத்திற்கு மனு அளித்தனர். அமெரிக்கா எந்தக் கொள்கைகளின் பெயரால் பிரிட்டனை எதிர்க்கிறதோ, அக்கொள்கைகளே தம் சார்பாக ஆயிரம் வாதங்களினும் வலுவாகப் பேசுகின்றன என்பது அம்மனுவின் சாரம். 1781இல் 'மம் பெட்' என்றழைக்கப்பட்ட அடிமைப்பெண், 1780ஆம் ஆண்டின் மசாசூசெட்ஸ் அரசமைப்பிலிருந்த அதே பொதுச்சொல்லைக் காட்டி வழக்காடி விடுதலை பெற்றார். எலிசபெத் ஃபிரீமன் என்ற புதுப்பெயரும் பூண்டார். 1848இல் செனிகா ஃபால்ஸில் கூடிய பெண்கள், பிரகடனத்தின் நடையையே மேற்கொண்டு, ஆண்களோடு பெண்களையும் சேர்த்து எழுதினர். 1852 ஜூலை 5 அன்று, அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரடரிக் டக்ளஸ், அவ்விழா அடிமைக்கு எப்பொருளில் உரியது என்று கேட்டுச் சபையோரைத் தலைகுனிய வைத்தார். அவர் பிரகடனத்தை இகழவில்லை. அதன் வாரிசுகளையே இகழ்ந்தார். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் வியட்நாமின் விடுதலையை அறிவித்த ஹோ சி மின் தம் உரையை இப்பிரகடனத்தின் வாசகத்தோடுதான் தொடங்கினார். பின்னாளில் அதே வியட்நாமில் அமெரிக்கா நடத்திய போரை நாம் அறிவோம்.

1857இன் வழக்கு

டிரெட் ஸ்காட் என்ற அடிமை தம் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கில்தான் 'ஆம்மு – காஸ்ஸு' விவாதம் வெளிப்படையாக எழுந்தது. தலைமை நீதிபதி ரோஜர் டானி எழுதிய தீர்ப்பு ஒன்றை ஒப்புக்கொள்கிறது: பிரகடனத்தின் பொதுச்சொற்கள் மனித குலம் முழுவதையும் தழுவுவதாகவே தோன்றுகின்றன. ஆயின் அவற்றை எழுதியோர் ஆப்பிரிக்க இனத்தாரை உள்ளடக்கக் கருதவில்லை என்று அவர் முடிவு செய்தார். கருதியிருந்தால் அவர்களின் நடத்தை அவர்களின் சொல்லோடு முற்றிலும் முரண்பட்டிருக்கும். அத்தகைய பெரியோர் அவ்வாறு முரண்படார். இதுவே அவர் காட்டிய சான்று.

இதன் உட்பொருளை எண்ணிப் பார்ப்போம். பேசியவரின் நடத்தையைக் கொண்டு அவர் சொல்லைச் சுருக்குகிறது இவ்வாதம். முன்னோரின் கண்ணியத்தைக் காப்பதற்காக அவர்களின் நீதியைப் பலியிடுகிறது. மனிதன் தன் சொல்லுக்குக் கீழே வாழ்கிறான் என்பதை ஏற்க மனமின்றி, சொல்லையே அவனளவுக்குக் கீழிறக்கிவிடுகிறது.

ஆபிரகாம் லிங்கன் அவ்வாண்டு ஜூன் மாதம் அளித்த மறுமொழி வேறு திசையில் சென்றது. எழுதியோர் மனிதரெல்லாம் எல்லா வகையிலும் சமம் எனக் கூறவில்லை. அன்று எல்லோரும் அச்சமத்துவத்தைத் துய்த்தனர் என்ற பொய்யையும் கூறவில்லை. உரிமையை அறிவித்தனர், சூழல் இடந்தருமளவு அதன் நடைமுறை பின்தொடரட்டும் என்று விட்டனர் என்றார் அவர். பிரிட்டனிலிருந்து பிரிவதற்கு அச்சொல் தேவையே இல்லை, பிற்காலத்துக்காகவே வைக்கப்பட்டது என்றும் அவர் கூறினார். இப்பிந்திய கருத்தில் நாம் அவரோடு வேறுபடுகிறோம். அச்சொல் அவர்களின் வாதத்திற்கே தேவைப்பட்டது என்பதை மேலே கண்டோம். அதனால்தான் அச்சொல்லின் பயனைத் துய்த்துவிட்டு அதன் கடப்பாட்டை மறுப்பது நேர்மையாகாது என்கிறோம்.

ஜெஃபர்சனின் சாட்சியம்

பொதுச்சொல்லை எப்படிப் படிக்க வேண்டுமென்பதற்கு ஜெஃபர்சனிடமே சான்று உண்டு. அவர் வரைந்த வர்ஜீனியாவின் சமயச் சுதந்திரச் சட்டம் 1786இல் நிறைவேறியது. அதில் ஏசுநாதரின் பெயரைச் சேர்த்து அதைக் கிறிஸ்தவருக்குரியதாக்க முன்வைத்த திருத்தம் பெரும்பான்மையோரால் நிராகரிக்கப்பட்டது. அந்நிராகரிப்பை நினைவுகூர்ந்து, யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, நம்பிக்கையற்றோர் ஆகிய அனைவரையும் அச்சட்டம் தழுவ வேண்டுமென மன்றத்தார் கருதியதற்கு அதுவே சான்று என அவர் தம் தன்வரலாற்றில் எழுதினார். வரையறை முன்வைக்கப்பட்டு மறுக்கப்பட்டதால் சொல் பொதுமையில் நிற்கிறது என்பது அவர் முடிவு. நம் உஸூல் ஆசிரியரெவரும் இம்முறையைக் குறைகூறார். 1765இல், சட்டம் பயின்ற இளைஞராக, ஜார்ஜ் சேலின் குர்ஆன் மொழிபெயர்ப்பை அவர் விலைக்கு வாங்கினார். 2007 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸின் முதல் முஸ்லிம் உறுப்பினரான கீத் எல்லிசன் உறுதிமொழி நிகழ்ச்சியில் கை வைத்தது அப்பிரதியின் மீதுதான்.

அதே ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதரை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களுள் மிகச் சிலரையே விடுவித்தார். இவ்விரண்டையும் ஒன்றால் மற்றொன்றை அழிக்காமல் நினைவில் கொள்வதே நடுநிலையான திறனாய்வு.

வக்ஃபு சாசனம் போல

ஓர் ஐயம் எழக்கூடும். சொல்லின் பொதுமை பற்றிய விதி அனைத்தையும் அறிந்தவனின் வாக்குக்குரியது. மறதியும் குறுகிய நோக்கமும் உடைய மனிதனின் சொல்லுக்கு அதை எப்படிப் பொருத்துவது? நியாயமான ஐயமே. மனிதரின் சத்தியங்களில் அவர்தம் எண்ணமும் வழக்கும் கருதப்படும் என்பதை நம் ஃபுகஹாக்களும் கூறியுள்ளனர். ஆயின் வக்ஃபு சாசனத்தின் நிலை வேறு. இவ்வூரின் ஏழைகளுக்கென ஒருவர் தோப்பொன்றை வக்ஃபு செய்துவிட்டு, பின்னர் 'என் மனத்தில் இருந்தோர் என் உறவினர் மட்டுமே' என்றால் அது எடுபடாது. எழுதிய சொல் அவர் கையைவிட்டு நீங்கி, அதை நம்பியோரின் உரிமையாகிவிட்டது. 1776இன் பிரகடனத்தை அத்தகைய சாசனமாகக் கொள்வதே பொருத்தம். அதை நம்பிப் படையில் சேர்ந்து உயிர்விட்டோர் உண்டு. அவர்களுள் கறுப்பினத்தாரும் உண்டு. அதைக் காட்டி உலகிடம் அங்கீகாரமும் உதவியும் பெறப்பட்டன. பயன் பெற்ற பின் 'எங்கள் எண்ணம் வேறு' என்று கூற எழுதியோருக்கும் உரிமையில்லை. அவர்தம் வாரிசுகளுக்கும் இல்லை.

இதனால் நம்மைப் போன்றோருக்கும் ஒரு பொறுப்பு வருகிறது. அநீதியாளரின் வாயிலிருந்து வந்தது என்பதற்காக நீதியான சொல்லை எறிந்துவிடலாகாது. சொல் அழகியது என்பதற்காக அநீதியை மறந்துவிடவும் ஆகாது. சொல்லைக் கையிலெடுத்து, சொன்னவரையே அதன் முன் நிறுத்த வேண்டும். பிரின்ஸ் ஹாலும் மம் பெட்டும் டக்ளஸும் செய்தது அதுவே.

இறுதியாக ஒருவரை நினைவுகூர்தல் தகும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோவில் பிறந்து, பல்லாண்டுகள் மார்க்கக் கல்வி பயின்ற உமர் இப்னு ஸஈத், 1807இல் பிடிபட்டு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். பிரகடனம் வெளியாகி அப்போது முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1831இல் அவர் தம் வாழ்க்கையை அரபு மொழியில் சில பக்கங்களில் எழுதினார். இன்று அது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. தம் கதையைத் தொடங்குமுன் அவர் எழுதியது 'அல்முல்க்' அத்தியாயம். ஆட்சியும் உடைமையும் யாருக்குரியவை என்பதைப் பேசும் அத்தியாயத்தை, பிறருடைய உடைமையாக வைக்கப்பட்ட ஒருவர், உடைமையாளரால் படிக்கவியலாத எழுத்தில் எழுதிவைத்தார். 1864இல் அவர் இறந்தார். அடிமைமுறையை நாடெங்கும் ஒழித்த பதின்மூன்றாம் திருத்தம் 1865 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

அப்பிரகடனத்தின் 'யாவரும்' என்ற சொல்லுக்குள் உமர் இப்னு ஸஈத் அடங்குவாரா? சொல் 'ஆம்' என்றது. அவர் வாழ்ந்த நாடு 'இல்லை' என்றது. இவ்விரண்டுள் எதைக் கொள்வது என்பதில் நமக்கு ஐயமிருக்கலாகாது.